பொங்கல் விடுமுறையில் கோடியக்கரை: எந்தக் காலையை எதற்கு வைப்பது?

திருச்சியான்:

வணக்கம். ஜனவரி 15 மதியம் திருச்சியில் கிளம்பி அன்றிரவு வேதாரண்யத்திலோ கோடியக்கரையிலோ தங்கி, 17 மதியம் திரும்புவதாக ஏற்பாடு. ஆகக் கையில் இருப்பது 16, 17 என இரண்டு காலை, 16 அன்று ஒரே ஒரு மாலை. நாலு பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகன், முழங்கால் வலி உள்ள அம்மா. சின்ன கார், அடிப்பாகம் தாழ்வு. 8×42 பைனாகுலர் இரண்டு, இரவல் வாங்கிய ஸ்கோப் (20 முதல் 60 மடங்கு வரை பெருக்கும், முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) ஒன்று, 100-400 கேமரா லென்ஸ் ஒன்று.

வெளிமானுக்கும் விடியற்காலைதான் சரி, பூநாரைக்கும் விடியற்காலைதான் சரி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாதே, எதை முதலில் வைப்பது? இந்தத் தடவை மழை டிசம்பர் கடைசி வரை இழுத்துவிட்டது. தண்ணீர் நிறைய நின்றால் பறவை கூடுமா, குறையுமா? கார் எதுவரை போகும்? அம்மா 200 மீட்டருக்கு மேல் நடக்க மாட்டார். 17 காலையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்க்கலாமா? இரவில் கரையேறும் ஆமையைப் பார்க்க வழி உண்டா?

குளத்துப் பறவைகள் ஓரளவு தெரியும். சதுப்பு ஓரத்தில் ஓடும் உள்ளான் கூட்டம் மட்டும் எல்லாமே ஒரே பழுப்பாகத் தெரிகிறது. அதற்கும் ஒரு வழி சொன்னால் நல்லது.


வாடைக்காற்று:

காலையைச் சதுப்புக்கு வைங்க, மாலையை மானுக்குக் கொடுங்க. காரணம் வெயில் விழுற திசைதான். வேதாரண்யத்துலேர்ந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியா வர்ற ரோட்டுக்கு மேற்கேதான் உப்பளமும் சதுப்பும். காலையில சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும். பூநாரையோட சிறகுச் சிவப்பு, அலகு நுனிக் கறுப்பு எல்லாம் அப்பட்டமாத் தெரியும். அதே இடத்துல சாயங்காலம் போய் நின்னா எதிர்வெயில். எல்லாம் கறுப்பு அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். மான் மேயுறது சரணாலயத்துக்குள்ள புல்வெளியில. அங்க சுத்தி வந்து வெயிலுக்கு ஏத்த பக்கம் நின்னுக்கலாம். சதுப்புல அந்த வசதி கிடையாது.

ஜனவரி நடுவுல அங்க சூரியன் ஆறரை வாக்குல எழும். ஆறே காலுக்கு ரோட்டோரம் நின்னுடுங்க. ஒன்பது, ஒன்பதரைக்கு மேல உப்பளத்து மேல கானல் ஓட ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் ஸ்கோப்ல பறவை தண்ணிக்குள்ள கரையுற மாதிரி ஆடும். கண்ணாடி மேல தப்பு இல்லை, இரவல் கொடுத்தவரைத் திட்டாதீங்க. ஆக உங்களுக்கு உருப்படியாக் கிடைக்கிறது மூணு மணி நேரம்.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். இந்த ஊர்ல கேக்க வேண்டிய கேள்வியே அதுதான். பறவை வந்திருக்கா இல்லையான்னு கேக்குறதை விட, தண்ணி எத்தனை விரல் நிக்குதுன்னு கேளுங்க. கொசு உள்ளான் மாதிரிச் சின்னதுக்கு ரெண்டு மூணு விரல் தண்ணியும் ஈரச் சேறும் போதும். அதுக்கு மேல ஏறினா காலை ஊன முடியாது. பூநாரை நெட்டைக்கால் ஆசாமி, அதுக்குத் தொடையளவு தண்ணியிலும் கவலை இல்லை. ஊசிவால் வாத்துக்கு அதை விட ஆழமானாலும் சரி. மழை தாமதமாகி டிசம்பர் கடைசி வரை பெஞ்சா நடுச்சதுப்பு முழுக்கத் தண்ணியாகிடும். அப்போ பூநாரை விரிஞ்ச பரப்புல தூரத் தூரமாப் பிரிஞ்சுடும். சின்ன உள்ளான் கூட்டம் மட்டும் ஓரத்துக்கு, அதாவது உங்க பக்கத்துக்கு, ஒதுங்கும். மழை குறைஞ்ச வருஷம்னா இது அப்படியே தலைகீழ். அதனால இந்தத் தடவை "பூநாரைக் கூட்டம் கடல் மாதிரி" இருக்கும்னு பையனுக்கு ஆசை காட்டாதீங்க. கரையோரப் பறவை நிறையக் கிடைக்கும்.

இதுல காத்தும் சேரும். அவ்வளவு ஆழமில்லாத தண்ணி, காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் ஏறும், எதிர்ப்பக்கம் சேறு வெளியில வரும். வாடை பலமா அடிச்ச மறுநாள், முந்தின நாள் பார்த்த இடத்துல ஒண்ணுமே இல்லாம ஒரு கிலோமீட்டர் தள்ளி எல்லாம் உக்காந்திருக்கும். முதல் நாள் பார்த்த இடத்துக்கே ரெண்டாம் நாளும் ஓடாம, ரோட்ல மெதுவா ஒரு நடை போய்ட்டு வந்து எங்க ஈரச்சேறு புதுசா வெளிய வந்திருக்குன்னு பாருங்க. பறவை அங்கதான்.

கார் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. வெள்ளையா உப்புப் பூத்து, காஞ்சு, பாளம் பாளமா வெடிச்ச தரை கெட்டியாத் தெரியும். மேல ஒரு விரல் கனம்தான் ஓடு. அடியில களிமண் சேறு, அச்சு வரைக்கும் இழுத்துக்கும். சின்ன கார்னா டிராக்டர்தான் வந்து எடுக்கணும், அந்த டிராக்டருக்கும் இறங்க இடம் வேணும். நடக்கிறதுக்கும் இதே கதை. கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால குத்திப் பாருங்க. குச்சி சுலபமா இறங்கினா திரும்பிடுங்க. உப்பளத்து வரப்புல நடக்கணும்னா அந்த உப்பளக்காரங்க அனுமதி வேணும். ஆள் நடந்தா ஓரம் சரிஞ்சு பாத்தியில மண் விழும், உப்பு கறுத்துடும். அவங்க கோபப்படுறதுல நியாயம் இருக்கு.

அம்மாவுக்கு ரோட்டோரமே போதும். முழங்கால் உயர மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துக்கோங்க, ஸ்கோப்பை அந்த உயரத்துக்கு இறக்கி வெச்சுடலாம். கழிப்பறை வேலையைத் தங்குற இடத்துலயே முடிச்சுட்டு வாங்க. சதுப்போரத்துல ஒதுங்க ஒரு புதர்கூட இருக்காது.

பெட்ரோல், ஏடிஎம், மருந்துக்கடை மூணையும் வேதாரண்யத்துலயே முடிச்சுக்கோங்க. அங்கேர்ந்து கோடியக்கரை பதினோரு கிலோமீட்டர்தான், ஆனா மறந்துட்டா அரை மணி போச்சு. கோடியக்கரையில வனத்துறை ஓய்வு விடுதி உண்டு, பூநாரை இல்லம்னு பேரு. பொங்கலுக்கு நினைச்ச உடனே கிடைக்காது, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துல முன்னாடியே எழுதிக் கேக்கணும். இல்லைன்னா வேதாரண்யத்துல லாட்ஜ். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வெளியூர் மீனவங்க வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் பண்ற பருவம் இது, மீன் இறங்குதளத்துப் பக்கம் கடைகள் இருக்கும்.

இன்னொண்ணு: கிளம்புறதுக்கு முன்னாடி பஞ்சாங்கத்தைப் பாருங்க. தை அமாவாசைக்குக் கோடியக்கரையில கடல் நீராட ஊர் ஊரா பஸ் வரும். உங்க நாள் அதுக்கு முன்ன பின்ன விழுந்தா அன்னிக்குக் கடற்கரைப் பக்கத்தை விட்டுடுங்க.


பவளக்காலி:

மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு முழுக்கச் சரி. நான் உள்ளான் சிக்கலுக்கு மட்டும் வருகிறேன்.

நிறத்தை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இவை அனைத்தும் மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெள்ளை. இனப்பெருக்க நிறத்தைப் போட்டுக்கொண்டு படத்தில் நிற்கும் பறவையை ஜனவரியில் தேடினால் கிடைக்காது. முதலில் நடையைப் பாருங்கள். ஓடு, நில், குனிந்து ஒன்றைக் கொத்து, மறுபடி ஓடு என்று விட்டுவிட்டு நகர்ந்தால் அது உப்புக்கொத்தி வகை. தலையைத் தூக்காமல் தையல் இயந்திரம் மாதிரி சேற்றில் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. இந்த ஒரு பிரிப்பே கூட்டத்தைப் பாதியாக்கிவிடும். உப்புக்கொத்தி கண்ணால் தேடும் பறவை, அதனால்தான் நின்று நின்று பார்க்கிறது. கண்ணும் பெரிது, அலகும் குட்டை. உள்ளான் சேற்றுக்குள் அலகு நுனியால் தடவி இரை தேடுவது, அதனால் நிற்க வேண்டிய தேவை இல்லை.

உப்புக்கொத்தியில் அங்கே அதிகம் குழம்ப வைப்பவை இரண்டு. பிடரியைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்தால் கெண்டிஷ் உப்புக்கொத்தி. பிடரியில் வெள்ளை இல்லாமல் பழுப்பாகவே இருந்தால் மங்கோலிய உப்புக்கொத்தி. பறவை முகத்தைக் காட்டும்போது பார்த்தால் தெரியாது. முதுகைத் திருப்பும் வரை பொறுங்கள்.

உள்ளானில் கூட்டத்திலேயே ஆகச் சிறியது, நேரான குட்டை அலகு, கறுப்புக் கால் என்றால் கொசு உள்ளான். அதன் கூடவே சற்றுப் பெரிதாக, நீண்டு நுனியில் கீழே வளைந்த அலகோடு, வயிறு நனையும் ஆழம் வரை இறங்கி மேய்வது வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது வாலுக்கு மேல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கொசு உள்ளான் மாதிரி இருந்து கால் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாக, பதுங்கிப் பதுங்கி நடந்தால் அது வேறு இனம். உப்பு குறைந்த ஓரங்களில், ஓடை வாய்களில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சேறு அப்பிய கால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். பறவை தண்ணீரில் நாலடி நடந்து வெளியே வந்த பிறகு கால் நிறத்தை முடிவு செய்யுங்கள்.

பவளக்காலிப் பறவைக்குக் கால் ஆரஞ்சுச் சிவப்பு, பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை. கூட்டத்தில் முதலில் கத்தி மற்றதையெல்லாம் கிளப்பிவிடுவதும் இதுதான். நீங்கள் நெருங்கும்போது பவளக்காலி தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் நாலடி வைத்தால் ஐந்நூறு பறவை எழும்பும்.

பூநாரைக்கும் இதே மாதிரி ஒரு அடையாளம் உண்டு. நிம்மதியாக மேயும்போது தலை கவிழ்ந்து அலகு தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கும். சில கழுத்துகள் மட்டும் நேராக நிமிர்ந்தால் உங்களைக் கவனித்துவிட்டன என்று பொருள். எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே தாண்டக் கூடாத இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். அப்போது அசையாமல் நிற்பதை விட, மெதுவாகப் பின்வாங்குவதே சரி. இந்தப் பறவைக்கு நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது, தண்ணீரில் சில எட்டு ஓடித்தான் மேலே போக வேண்டும். எழுப்பி விட்டுப் படம் எடுப்பதற்காகக் கைதட்டுகிறவர்களை அங்கே பார்ப்பீர்கள். மகன் கற்றுக்கொள்ளக் கூடாத ஒரே விஷயம் அது.

கூட்டத்தில் இளஞ்சிவப்பே இல்லாமல் சாம்பல் அழுக்கு நிறத்தில் நிற்பவை வேறு இனம் அல்ல, இளம் பறவைகள். சிவப்பு ஏற ஆண்டுகள் பிடிக்கும், அதுவும் உண்ணும் இரையிலிருந்துதான் வருகிறது. குட்டையாக, அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக ஒன்று நின்றால் மட்டும் கூர்ந்து பாருங்கள்: சிறு பூநாரையாக இருக்கலாம். பெரிய பூநாரைக்கு அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு.

உங்கள் தேதிகள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு ஒத்துப்போகின்றன. இ-பேர்டில் (பறவைப் பதிவுக்கான இணையதளம்) குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு பதிந்தால் போதும். கூட்டத்தை எண்ணும்போது ஒரு மூலையில் ஐம்பது பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு அகலத்தை அடைக்கிறது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, அந்த அகலம் மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இடது கோடியிலிருந்து ஒரு முறை, வலது கோடியிலிருந்து ஒரு முறை. "ஏராளம்" என்று எழுதுவதை விட நாற்பது பிசகும் ஒரு எண் பயனுள்ளது.


முக்காலி:

கருவிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஸ்கோப்பை 60க்குத் திருகாதீர்கள். 25, 30 போதும். உருப்பெருக்கம் கூடக் கூடக் கானலும் காற்று நடுக்கமும் சேர்ந்தே பெருகும், வெளிச்சமும் குறையும். முக்காலியின் நடுத்தண்டை மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள், வாடைக்காற்றில் அது கொடிமரம் மாதிரி ஆடும். கால்களை அகட்டி, தாழ்வாக வைத்து, உட்கார்ந்து பாருங்கள். அம்மாவின் நாற்காலி யோசனை எல்லாருக்குமே நல்லது. கீழே உட்கார்ந்த மனிதரைப் பறவைகள் நின்றவரை விடச் சீக்கிரம் மறந்துவிடும்.

100-400 லென்ஸுக்கு அங்கே காரை விட நல்ல மறைவிடம் இல்லை. கண்ணாடியை இறக்கி, துணிப்பையில் ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு கட்டி, கதவு விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸ். எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும், அதிர்வு படத்தில் தெரியும். திரும்பி வந்து பயறைச் சுண்டல் செய்துகொள்ளலாம். கதவைத் திறந்து இறங்கிய நொடியில் பறவை போய்விடும். கதவு சத்தத்தை விட, இரண்டு காலில் நிற்கும் மனித உருவம்தான் அதற்குப் பயம்.

இரவு ஏசி அறையில் லென்ஸை வைத்திருந்தால், காலையில் வெளியே எடுத்த உடனே கண்ணாடி முழுக்க நீர் பூக்கும், துடைக்கத் துடைக்கப் பூக்கும். ஐந்தே முக்காலுக்கே பையோடு வெளியே எடுத்து வைத்து, அரை மணி கழித்துப் பையைத் திறங்கள். அன்றைய நாள் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முக்காலிக் கால்களையும் லென்ஸ் வெளிப்புறத்தையும் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பொடி உரசிக் கீறல் விழும். கால் பூட்டுகளைக் கழற்றித் துடைக்காமல் விட்டால் அடுத்த மாதம் திருகவே வராது.

கலங்கரை விளக்கம், கடற்படை முகாம் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சரணாலயத்துக்குள் அதற்கு இடமில்லை.


திருச்சியான்:

மூவருக்கும் நன்றி. திட்டம் இப்படி மாறுகிறது: 16 காலை சதுப்பு, மாலை மான். 17 காலைதான் இன்னும் தொங்குகிறது. முத்துப்பேட்டையா, மறுபடி சதுப்பா? மானுக்கு எத்தனை மணிக்கு உள்ளே போக வேண்டும், எப்படித் தேடுவது? ஆமை பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

ஒரு சந்தேகம்: பழைய பயணக் குறிப்புகள் சிலவற்றில் அடர்ந்த காட்டுக்குள் போகும் நடைபாதை, அதில் இன்ன மரம் என்றெல்லாம் அடையாளம் எழுதியிருக்கிறார்கள். அதை நம்பிப் போகலாமா?


வாடைக்காற்று:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். 2018 நவம்பர் 16ந்தேதி கஜா புயல் கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. சரணாலயத்துல மரம் சாஞ்சது கொஞ்ச நஞ்சம் இல்லை, மானும் குதிரையும்கூடச் செத்துது. அதுக்கு முன்னாடி எழுதின குறிப்புல மரத்தை அடையாளமா வெச்சுச் சொன்னது எதுவும் இப்போ உதவாது. ராமர் பாதம் மேடு அங்கேயேதான் இருக்கு, அது மாதிரி அசையாத அடையாளத்தை மட்டும் எடுத்துக்கோங்க. ராமர் பாதத்துல குரங்கு உண்டு, தின்பண்டப் பையைக் கையில தொங்கவிட்டுப் போகாதீங்க.

மானுக்கு மூணரைக்கு நுழைவாயில்ல அனுமதிச் சீட்டு வாங்கி உள்ள இருங்க. வெயில் தாழ்ந்ததும் வெட்டவெளிக்கு வந்து மேயும். வெளிமான்ங்கிற பேரே அதுக்குத்தான்: வெளியில, திறந்த புல்தரையில நிக்கிற மான். மரத்தடியில, புதருக்குள்ள தலையைத் தூக்கிப் பார்த்துட்டு நிக்கிறது பெரும்பாலும் புள்ளிமான். சிலர் கலைமான்னு சொல்றாங்க. எந்த இனமானாலும் ஆண் மானுக்குக் கலைன்னு பேர் உண்டு, அதனால குழப்பம் வரும்.

தேடுறப்போ தரையைப் பாருங்க. கிடா ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிக்கும், அதுதான் அதோட எல்லைக்கல். பழசு காஞ்சு வெளுத்து, மேல புதுசு கறுப்பா, ஈரப் பளபளப்போட இருந்தா அந்தக் கிடா இன்னிக்கு இங்க வந்து போயிருக்குன்னு அர்த்தம். நூறு மீட்டர் தள்ளி வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தா திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு. முறுக்குக் கொம்பு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணும் குட்டியும் வெளிர் மஞ்சள் பழுப்பு. படத்துல பார்த்த மாதிரி கன்னங்கரேல்னு எதிர்பார்க்காதீங்க. தெற்கத்திக் கிடா நிறைய அடர் பழுப்போடயே நின்னுடும். மழை முடிஞ்ச புல் உயரமா இருக்கிற மாசம் இது, படுத்திருக்கிற மான் தெரியாது. புல்லுக்கு மேல ரெண்டு திருகாணி நீட்டிக்கிட்டு இருக்கான்னு பைனாகுலரால மெதுவா வருடிப் பாருங்க.

காட்டுக்குதிரைன்னு சொல்ற மட்டக்குதிரைங்க ரோட்டுக்கே வரும். ஒரு காலத்துல வளர்த்து விட்டது, இப்போ தானாத் திரியுது. பையன் பிஸ்கட் நீட்டப் பார்ப்பான், கூடாது. கடிக்கும், பின்னங்காலால உதைக்கும். மானுக்குப் போக வேண்டிய புல்லை இதுங்க தின்னுடுதுன்னு பழைய வாதம் ஒண்ணும் ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் சீமைக்கருவேலம் புல்தரையை மூடுது, மறுபக்கம் இது.

17 காலைக்கு முத்துப்பேட்டை வேண்டாம். கோடியக்கரையிலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். ஜாம்புவானோடையில படகு ஏறி, கோரையாத்துல போய் காயல் வாயைத் தொட்டுத் திரும்பவே அரை நாள். அதுக்கு வனத்துறை அனுமதி முன்னாடியே வாங்கணும், பொங்கல் கூட்டத்துல வரிசை வேற. காயல் ஆழமும் கம்மி, தண்ணி வத்துற நேரத்துல படகு தரை தட்டினா தள்ளுறதுக்கு ஆள் இறங்கணும். அம்மாவை வெச்சுக்கிட்டு அது சரிப்படாது. அலையாத்தியோட மூச்சுவேர் சேத்துலேர்ந்து விரல் விரலா நீட்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்க்கணும்னு ஆசை இருந்தா, அதுக்குன்னு தனியா ஒரு நாள் வெச்சு வாங்க.

17 காலை மறுபடி சதுப்புதான், ஆனா வேற இடம். 16 அன்னிக்குக் கோடியக்காட்டுப் பக்கம் நின்னிருந்தா, மறுநாள் அகஸ்தியம்பள்ளிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டி நில்லுங்க. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, காஸ்பியன் ஆலா, கடற்காகக் கூட்டம் அங்க கிடைக்கும். திரும்புற வழியும் அதுதான்.

முக்காலி சொன்ன கார் யோசனை சரி, ஆனா ஒரு திருத்தம். அந்த ரோட்டுல உப்பு லாரி ஓடும். வளைவுல, பாலத்து மேல நிறுத்தாதீங்க. நாலு சக்கரமும் தார்லயே இருக்கட்டும், இடதை மட்டும் மண்ணுல இறக்கினாலும் மழை ஊறின ஓரம் உள்வாங்கும்.


கரையோரம்:

ஆமைக்கு என் பங்கு.

இங்கே கரையேறுவது பங்குனி ஆமை. பேரே காலத்தைச் சொல்கிறது. ஜனவரியில் ஒன்றிரண்டு ஏற ஆரம்பிக்கும். நன்றாக ஏறுவது பிப்ரவரி, மார்ச். ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கம், பொரிக்க ஐம்பது நாள் வாக்கில் ஆகும். ஆகப் பொங்கலுக்குக் குஞ்சு பார்க்க வழியே இல்லை. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. குஞ்சு விடும் காலம் பிப்ரவரிக் கடைசிக்கு மேல்தான். அப்போது அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் போனால் மகனுக்கு வாழ்நாள் காட்சி.

இரவில் நீங்களாக டார்ச் அடித்துக்கொண்டு கரையில் நடக்கக் கூடாது. சரணாலயக் கடற்கரை, கடலோரப் பாதுகாப்பு உள்ள பகுதி என்பது ஒரு காரணம். ஏறிக்கொண்டிருக்கும் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும் என்பது இன்னொரு காரணம். ஒருமுறை குழி தோண்டி முட்டை விழ ஆரம்பித்த பிறகு அது சுலபத்தில் எழுந்து போகாது. சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான்.

அதற்குப் பதிலாக 17 காலை சதுப்புக்குப் போகும் முன், வெளிச்சம் வந்ததும் மீன் இறங்குதளத்துக்குப் பக்கத்துக் கரையில் ஈர மணலைப் பாருங்கள். இரவு ஆமை ஏறியிருந்தால் கடலிலிருந்து மேலே ஒரு தடம், திரும்ப ஒரு தடம். டிராக்டர் டயர் பதிந்த மாதிரி இருக்கும், ஆனால் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று மாறி மாறி விழுந்திருக்கும், ஏனென்றால் பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு நகர்வது. தடத்தின் உச்சியில் மணல் கலைந்த வட்டம் இருந்தால் அதன் மேல் மிதிக்காமல் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

செத்து ஒதுங்கிய ஆமையும் கண்ணில் படலாம், மூச்சு விட மேலே வர முடியாமல் வலையில் சிக்கியது. மகனைத் தொட விடாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்து அதையும் வனத்துறையிடம் சொல்லலாம்.


பவளக்காலி:

விட்டுப்போன ஒன்று. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. உள்ளான் காலில் உலோக வளையமோ நிறக் கொடியோ (வளையம் போல் மாட்டிய சிறு நிறப் பட்டை) தெரிந்தால் "வளையம் இருந்தது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தக் கால் (பறவையின் இடது வலது, உங்களுடையது அல்ல), காலின் மடிப்புக்கு மேலா கீழா, கொடி எத்தனை, மேலிருந்து கீழாக என்ன நிறம், எழுத்து தெரிந்தால் அது, இத்தனையும் வேண்டும். தெரியாவிட்டாலும் 400இல் பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் கொடி திரும்பியிருக்கும், அடுத்ததில் நேராக இருக்கும்.